கேஸுக்கு ‘ஹாஜியார்’ என்று பேர் வந்த கதை

கல்முனையில் நான் முன்பு வேலை செய்த சோடாக் கொம்பனிக்குப் புது மெசின் வந்திருக்கிறது. தண்ணீரைத் தானே குளிராக்கி, கேஸைத் தானே ஏற்றி, மூடியையும் தானே அடிக்கிற மெசின். அதன் திரையைப் படம் பிடித்து எங்கள் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘சாதா’ என்று எழுதியிருக்கிறது. மற்றதில் ‘ஹாஜியார்’ என்று எழுதியிருக்கிறது. ஹாஜியாரை அமத்தினால் கேஸ் குறைவாக ஏறுமாம். கலியாண ஓடர்களில் அதற்குத்தான் இப்போது மவுசு என்றும் கீழே எழுதியிருந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர், யார் இந்த ஹாஜியார், அவருக்கு வயிற்று வருத்தமா என்று கேட்டிருந்தார். உடனே ஆளுக்கொரு விளக்கம். கொம்பனியின் பழைய பங்காளி என்றார் ஒருவர். டாக்டர் ஒருவரின் ஆலோசனைப்படி குறைத்த கேஸ் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், அந்தப் பேர் மெசினோடு வெளிநாட்டிலிருந்தே வந்தது என்று அடித்துச் சொன்னார். பேசாமல் இருந்துவிடத்தான் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பேர் வந்த இடத்தில் நான் நின்றேன். அந்தக் கேஸை ஏற்றியதும் நான்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

என் பேர் மீராசாகிபு, ஊர் கல்முனைக்குடி. வேலை செய்த காலம் முழுவதும் கேஸ்தான். குடிக்கிற பானத்துக்குள் கேஸை அடைத்து, குடிக்கிற ஆளின் வாய்க்கு அது போய்ச் சேரும்வரை காவல் காக்கிற வேலை.

சோடாக் கொம்பனியில் நான் படித்ததை ஒரு பந்தியில் சொல்லிவிடலாம், அவ்வளவுதான் இருந்தது. தண்ணீர் குளிராக இருந்தால் கேஸ் ஏறும், சூடாக இருந்தால் ஏறாது. கேஸை நாங்கள் போத்தல் கணக்கில் சொல்வோம். நல்ல சோடா என்றால், ஒரு போத்தல் தண்ணீருக்குள் நாலு போத்தல் கேஸ் அமுங்கியிருக்க வேண்டும். அழுத்த மீட்டர் ஒன்று இருந்தது. ஆனால் ஃபோர்மன் அதைப் பார்ப்பதில்லை. ஒரு போத்தலை உடைத்து மடமடவென்று குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஏப்பம் வந்தால் சரக்கு லொறியில் ஏறும். வராவிட்டால் எல்லோருக்கும் பேச்சு விழும்.

ஃபோர்மனைக் குறை சொல்லவும் முடியாது, ஊர் வழக்கம் அப்படி. எங்கள் கலியாணங்களில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். சோறு முடிந்ததும் ஆளுக்கொரு சோடா. அது மூக்கில் அடித்து, கண்ணில் நீர் வரவைத்து, பெரிய ஏப்பமாக வெளியேற வேண்டும். அப்போதுதான் சாப்பாடு சாப்பாடாகும். ஏப்பம் வராத பந்தியில் இறைச்சி வேகவில்லை என்பார்கள், அரிசி சரியில்லை என்பார்கள், கடைசியில் பெண் வீட்டாருக்கு மரியாதை தெரியாது என்பதில் வந்து நிற்பார்கள். ஒரு குடும்பத்தின் மானம் நாலு போத்தல் கேஸில் தொங்கியது.

பிறகு பெரிய கொம்பனிகளின் பிளாஸ்டிக் போத்தல்கள் வந்து எங்கள் வியாபாரம் படுத்தது. ஆட்களைக் குறைத்தார்கள், குறைந்ததில் நானும் ஒருவன். அப்போது என் மகள் றிஸ்னா வளர்ந்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பெண் பிள்ளையைப் பெற்றவன் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து சேருவார். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது தூண்டில் இல்லாமல் மீன் பிடிக்கப் போவது மாதிரி. என் வளவில் அத்திவாரமும் நாலு சுவரும் நின்றன. மேலே வானம் தெரிந்தது.

கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் லொறிக்காரர்தான் அந்த இடத்தைச் சொன்னார். அறுகம்பைப் பக்கம் கடற்கரையில் ஒரு ஹொட்டல். அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற இடம். அங்கே கேஸ் தெரிந்த ஆள் தேடுகிறார்கள், சம்பளம் நல்லது என்றார். போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஹொட்டல் லைசென்ஸ் எடுத்துத் தன் பின்வளவில் தானே பியர் காய்ச்சுகிறது. பெரிய ஃபக்டரி இல்லை. ஆறேழு டேங்குகள், ஒரு குளிர் அறை, அவ்வளவுதான். காய்ச்சுவதற்கு ஆள் இருந்தார். கேஸ் ஏற்றத்தான் ஆள் இல்லை.

இது மார்க்கத்தில் ஆகுமான தொழில் இல்லை என்பது எனக்குத் தெரியும். குடிப்பது மட்டுமல்ல, அதற்குக் கை கொடுப்பதும் கூடாது என்று ஓதிக்கொடுத்துத்தான் என்னையும் வளர்த்தார்கள். நான் அந்த வேலையை எடுத்தேன். அந்தக் கணக்கை மறுமையில் சொல்லிக்கொள்வேன், வாட்ஸ்அப் குழுவில் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் ‘ஹொட்டல்ல கேஸ் வேல’ என்று சொன்னேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என் மனைவி செயினம்பு அதைச் சமையல் கேஸ் என்று எடுத்துக்கொண்டாள், அல்லது எடுத்துக்கொண்டதாகக் காட்டினாள். வாராவாரம் என் சட்டையைக் கழுவியவள் அவள். எது எவ்வளவு தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

பியர் காய்ச்சியவர் பிலிக்ஸ் மாஸ்டர். மட்டக்களப்பு டவுனில் பறங்கியர் குடும்பம், தகப்பன் தச்சு வேலை. மெலிந்த ஆள், வழுக்கை, எந்நேரமும் கழுத்தில் ஒரு துவாய். கொழும்பிலும் வெளிநாட்டிலும் பியர் காய்ச்சிப் பழகியவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் துவாயை எடுத்துத் திரும்ப மடித்துப் போடுவார்.

முதல் நாளே சொல்லிவிட்டேன், மாஸ்டர், நான் இதை வாயில் வைக்கமாட்டேன் என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லம். உனக்கு முதல் இருந்தவன் டெஸ்ட் பண்ணிப் பண்ணியே அரை டேங்க முடிச்சவன்” என்றார்.

அன்றைக்கே நான் ஒரு டேங்கைக் கெடுத்தேன். கேஸை அளவாக ஏற்று என்றார், என் கைக்குத் தெரிந்த அளவு நாலு. மறுநாள் கிளாஸில் பிடித்தபோது முழுவதும் நுரை. அடியில் ஒரு விரல் அளவுக்குத்தான் பியர். மாஸ்டர் துவாயை மடித்துப் போட்டார். பிறகு விளக்கினார். பியருக்கு இரண்டரை. ஒரு போத்தல் பியருக்குள் இரண்டரைப் போத்தல் கேஸ், சில வகைக்கு அதிலும் குறைவு. அதற்கு மேல் போனால் நாக்கில் கேஸ் மட்டும் தெரியும், பியர் தெரியாது. கீழே போனால் நேற்று ஊற்றி வைத்த தேத்தண்ணி. நாலு வைத்துப் பழகிய எனக்கு இரண்டரை என்பது வேலையில் ஏமாற்றுகிற மாதிரி இருந்தது.

அவருடைய முறையைச் சொல்லத்தான் வேண்டும், புது மெசின் செய்வதும் அதைத்தான். முதலில் குளிர். டேங்கை ஒரு இரவு முழுக்கத் தண்ணீர் உறைகிற நிலைக்குக் கிட்ட வைப்பார். டேங்கின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கல் இருக்கும். கல் என்று பேர், ஆனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள இரும்பு. கேஸ் அதன் வழியாகத்தான் உள்ளே போகும், பொடிப்பொடியாக. திருகைத் திறந்துவிட்டு டேங்கின் உடம்பில் காதை வைக்கச் சொல்வார். மீன் பொரிகிற சத்தம் வந்தால் கூடிப்போயிற்று. சோறு வெந்து அடங்குகிற சத்தம் வந்தால் சரி. அரை நாள் கழித்து ஒரு சின்ன உருக்குக் குடுவையில் கொஞ்சம் பிடித்து, மீட்டர் முள் அசையாமல் நிற்கும்வரை குலுக்கி, அழுத்தத்தையும் குளிரையும் பார்த்து, சுவரில் ஒட்டிய அட்டவணையில் விரல் வைத்துத் தேட வேண்டும். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் விடை இருக்கும்.

விடை சரியில்லை என்றால் திருகை ஒரு தடவைதான் தொடலாம், மிச்சம் நாளைக்கு. எனக்கு அது பெரிய சித்திரவதை. சோடாக் கொம்பனியில் நாங்கள் திருகை ரேடியோ மாதிரித் திருகுவோம். ஒருநாள் பொறுக்காமல் இரண்டாம் தரம் கை வைக்கப் போனேன். “மீரா, நீ நேத்து செஞ்சது பியருக்கு இண்டைக்குத்தான் தெரியும். அவசரப்படாத” என்றார். அவரும் அப்படித்தான். காலையில் ஒரு வாய் எடுத்து, கொப்பளித்துத் துப்புவார். குடிப்பது பொழுதுபட்ட பிறகு. குடித்த பிறகு எந்தத் திருகுக்கும் கிட்டப் போகமாட்டார், பக்கத்தில் தீப்பிடித்தாலும்.

ஊற்றுவதற்கும் ஒரு முறை இருந்தது. கிளாஸை நிமிர்த்தி வைத்து ஊற்றினால் நுரை பொங்கும். சரித்துப் பிடித்து உள்பக்கச் சுவர் வழியாக இறக்கி, கடைசியில்தான் நிமிர்த்த வேண்டும். எங்கள் ஊரில் சோடாவுக்கு யாரும் கிளாஸ் எடுப்பதில்லை. எடுத்தாலும் சரிப்பதில்லை. எனக்கு அந்த மணிக்கட்டுத் திருப்பம் வரவே பல நாள் பிடித்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். மீட்டர் இரண்டரை என்று சொன்னாலும், இரண்டரை வாயில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாஸ்டர் அதற்கும் வழி கண்டார். புதிதாக வாங்கிய ஒரு சின்னப் பீப்பாயில் வெறும் தண்ணீரை நிரப்பி, அதே குளிரில் அதே அளவு கேஸை ஏற்றினார். “இது தண்ணி. உன்ட மார்க்கத்துக்கும் சரி, என்ட பியருக்கும் சரி. ஒவ்வொரு நாளும் விடிய இத ஒரு கிளாஸ் குடி. இதுதான் அளவுகோல்” என்றார். அன்றிலிருந்து சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் என் முதல் வேலை, பியர் அளவில் கேஸ் ஏற்றிய தண்ணீரை ஒரு கிளாஸ் குடிப்பது. முதலில் சப்பென்றிருந்தது. பிறகு பழகியது. பிறகு பிடித்தது. சின்னக் குமிழி, மூக்கில் அடிக்காது, நாக்கில் கிள்ளிவிட்டுப் போய்விடும். சில வருடங்களில் ஊருக்கு வந்து சோடா குடித்தால் எனக்குத் தும்மல் வந்தது. என் வாய் மாறிப்போனதை நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்குக் கூரை ஏறியது. ஓடு முழுவதும் நுரையில் வந்தது என்று மாஸ்டரிடம் பகிடிக்குச் சொல்வேன்.

அந்த நேரம் றிஸ்னாவுக்கு ஒரு இடம் பொருந்தி வந்தது. சாய்ந்தமருதில் ஒரு வாத்தியார் பொடியன், அமைதியானவன். கூரை இல்லாத காலத்தில் இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் பயம். இந்த இடத்தைப் பற்றிக் கேட்டபோது, எதையும் வாய் திறந்து சொல்லாத என் மகள் ‘ஓம்’ என்று சொன்னாள். அது எனக்குப் பெரிய சொல். ஒரே ஒரு தடைதான். பொடியனின் தாய்மாமா ஒரு ஹாஜியார். தகப்பன் இல்லாத அந்தக் குடும்பத்தில் அவர் தலையசைத்தால்தான் காரியம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், கண்டிப்பானவர். சிகரெட் விற்ற கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று ஒரு கலியாணத்தையே திருப்பி அனுப்பினவர் என்று கேள்வி. பியருக்குக் கேஸ் அடிக்கிறவனின் மகளை அவர் என்ன செய்வார் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

அவர்கள் வீடு பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள். அந்த நாள் பார்த்துத்தான் ஹொட்டலில் பெரிய கரைச்சல்.

சில நாட்களாகவே பாரில் பியர் நுரையாக வந்தது. கேஸ் கூடிவிட்டது, குறையுங்கள் என்று மெனேஜர் நின்றார். மாஸ்டர் ஒரு திருகு குறைத்தார். மறுநாள் பியர் சப்பென்றிருந்தது, நுரை மட்டும் அப்படியே வந்தது. மாஸ்டர் திருகைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பாரில் உட்கார்ந்தார். காலையில் நுரை இல்லை. பொழுதுபட்ட பிறகும் இல்லை. வெயில் ஏறினால் வந்தது, இறங்கினால் போனது. இதைப் பார்த்து முடிக்கவே அவருக்கு ஒரு முழு நாள் போனது. மறுநாள் மத்தியானம் ஏணியை வைத்து ஏறினார். குளிர் அறையிலிருந்து பாருக்குப் போகும் குழாய் தகரக் கூரைக்குக் கீழால் ஓடுகிறது. அதைக் கையால் தொட்டார், பிறகு கன்னத்தை வைத்தார்.

“மீரா, சட்டைய ஆரோ கழட்டிப் போட்டானுகள்” என்றார்.

குழாயைச் சுற்றி இருந்த கறுப்பு ஸ்பொஞ்ச் உறையைக் காணவில்லை. அலைச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுப்பவர்கள் அதை வெட்டிக்கொண்டுபோய், ஓட்டோக் கூரையில் பலகை கீறுப்படாமல் இருக்கச் சுற்றியிருக்கிறார்கள். முற்றத்தில் நின்ற ஓட்டோவிலேயே அது இருந்தது. குளிராகக் கிளம்பும் பியர் தகரச் சூட்டில் குழாய்க்குள்ளேயே சூடாகி, கேஸைக் கைவிட்டு நுரையாக வந்து சேர்ந்தது. கேஸில் ஒரு பிழையும் இல்லை. மாஸ்டர் யாரையும் ஏசவில்லை. ஈரச் சாக்கைக் கொண்டுவரச் சொல்லி, வலைக் கயிற்றால் குழாயில் கட்டத் தொடங்கினார். என்னைக் குளிர் அறையில் பாருக்குப் பூட்டியிருந்த பீப்பாயைக் கழற்றி மாற்றச் சொன்னார்.

அன்றைக்குத்தான் ஹாஜியார் வீடு பார்க்க வருகிறார், அசர் தொழுகைக்குப் பிறகு. கல்முனை பஸ் வருகிற நேரம். பீப்பாயின் தலையைக் கழற்றுமுன் கேஸை மூடி, உள்ளே இருக்கிற அழுத்தத்தை இறக்க வேண்டும். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கை அவசரப்பட்டது. தலை கழன்ற வேகத்தில் பீப்பாய் என் மேல் பீச்சியடித்தது. தாடி, சட்டை, சாரம், காது எல்லாம் பியர். வாயை இறுக மூடிக்கொண்டேன், அது ஒன்றுதான் தப்பியது.

மாஸ்டர் என்னைக் கடலுக்கு அனுப்பினார். உப்புத் தண்ணீரில் முங்கி, பைப்பில் சவுக்காரம் போட்டுக் குளித்தேன். மாற்றுச் சட்டைக்கு அவருடையதைத் தந்தார். அது என் சட்டையைவிட மோசம், காய்ச்சுகிறவரின் சட்டை அல்லவா. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழும்பிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருக்கோவில் சந்தியில் கருவாடு விற்கிறவர்களைக் கண்டதும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. இறங்கி, இருந்ததிலேயே ஆக மோசமாக மணத்த சுறாக் கருவாட்டை வாங்கினேன். அடுத்த பஸ்ஸில் அதை மடியில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலில் அவர்களின் செருப்புகள் கிடந்தன. செயினம்பு ஒருமுறை மூச்சை இழுத்தாள், கருவாட்டைப் பார்த்தாள், கதிரையைக் காட்டினாள்.

ஹாஜியாருக்குப் பக்கத்தில்தான் அந்தக் கதிரை. வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, கையில் தஸ்பீஹ் மாலை. வீட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

“ஹொட்டல்ல என்ன வேல?”

“கேஸ் வேல ஹாஜியார்.”

“வெள்ளக்காரன் வாற இடமாமே. குடி கிடி இரிக்கா?”

“அவனுகட குடி அவனுகளோட. என்ட கைல கேஸ் மட்டுந்தான்.”

அவர் மூக்கு ஒருதரம் அசைந்தது. என் முகத்தைப் பார்த்தார், மடியில் இருந்த பார்சலைப் பார்த்தார். தஸ்பீஹில் சில மணிகள் நகர்ந்தன. என் மகளின் வாழ்க்கை அந்த மணிகளில் உருண்டுகொண்டிருந்தது. கருவாடு எங்கே வாங்கியது என்று கேட்டார். திருக்கோவிலில் என்றேன். நல்ல வாசம் என்றார். பிறகு எழும்பிக் கைகொடுத்து, நாள் குறிக்கச் சொன்னார். கருவாட்டுக்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன மனிதன் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கலியாணத்துக்கு நானே சோடா போடுவது என்று முடிவு செய்தேன். பழைய கொம்பனியில் கேட்டேன். ஒரு நாள் மெசினைத் தந்தார்கள், ஜின்ஜர் பியர் போடச் சொன்னேன். பேரில்தான் பியர், உள்ளே இஞ்சியும் சீனியும் தண்ணீரும் மட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பிலிக்ஸ் மாஸ்டருக்குச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. “ஒண்டு சொல்லுறன் மீரா. கேஸ் ஏத்தக்குள்ள உன்ட வாய நம்பாத. ஊர்ர வாய நம்பு” என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மெசினில் நின்று ஏற்றினேன், எடுத்துக் குடித்தேன், குறைத்தேன், திரும்பக் குடித்தேன். கடைசியில் இஞ்சி தெரிந்தது, சீனி தெரிந்தது, கேஸ் இரண்டுக்கும் நடுவில் மரியாதையாக நின்றது. மெசின்காரர் ஒரு மிடறு குடித்துவிட்டு, என்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிட்டு, காணாது, இன்னும் ஏத்துங்க என்றார். உங்களுக்கு வாயில்லை என்று அவரை ஏசினேன். இவ்வளவு சரியான கேஸை நான் என் ஆயுளில் ஏற்றியதில்லை. அது உண்மையும்கூட.

நிக்காஹ் முடிந்தது. சஹன்கள் வந்தன. சோறு, இறைச்சி, கத்தரிக்காய் எல்லாம் குறையில்லாமல் முடிந்தது. போத்தல்கள் திறந்தன. வழமையான ‘டப்’ சத்தத்துக்குப் பதில் ‘உஸ்’ என்று ஒரு பெருமூச்சு கேட்டது. எல்லோரும் குடித்தார்கள், குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

அந்த அமைதியை நான் மறக்கமாட்டேன். முதலில் ஒரு பெரியவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒருவர், கேஸ்காரன் வீட்டுச் சோடாவில் கேஸ் இல்லை என்றார். சிரிப்பு சஹன் சஹனாகப் போனது. அதோடு நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன். மாப்பிள்ளையின் மூத்த சகோதரன் முகம் சிவந்து எழும்பினான். வேறெங்கோ மிஞ்சின பழைய சோடாவைத் தங்களுக்கு வைத்துவிட்டார்கள், மாப்பிள்ளை பக்கத்தை மட்டம் தட்டத்தான் இது என்றான். கையைக் கழுவிக்கொண்டு புறப்படுவோம் என்று அந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று குரல்கள். கதவுச் சீலைக்குப் பின்னால் றிஸ்னாவின் முகம் ஒருமுறை தெரிந்து மறைந்தது. நாலு ஏற்றியிருந்தால் இந்நேரம் எல்லோரும் ஏப்பம் விட்டு என்னை வாழ்த்தியிருப்பார்கள்.

ஹாஜியார் பார்க்கட்டும், அவர் சொல்லட்டும் என்று யாரோ சொன்னார்கள். அவர் எழும்பி வந்தார். ஒரு போத்தலைத் திறந்து, ஒரு வாய் எடுத்தார். உடனே விழுங்கவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு கூரை ஓட்டைப் பார்த்தார். விழுங்கிவிட்டு இன்னொரு வாய் எடுத்தார். பிறகு சலாம் சொல்வதுபோல் என் தோளைப் பிடித்து, காதுக்குக் கிட்ட வந்தார்.

“மச்சான்” என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. “நான் வாலிபத்தில கப்பல்ல போனவன். ஹம்பேர்க் துறைமுகத்தில ஒரு கடைல இந்தக் கேஸ மணந்திரிக்கன். அண்டைக்குக் கருவாட்டுக்குள்ளால வந்ததும் அந்தக் கடை மணந்தான்.”

அப்படியானால் முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அவர் ஏற்கெனவே சபையின் பக்கம் திரும்பிவிட்டார்.

“இது பழைய சோடா இல்ல. வெளிநாட்டு முறையில மெதுவா ஏத்தின கேஸ். வயித்துக்கு நல்லம், சாப்பாட்டுக்குப் பொறகு இதுதான் குடிக்கோணும். குடிங்க.”

ஹாஜியார் சொன்னால் ஊர் குடிக்கும். முகத்தைச் சுளித்தவர்கள் இப்போது இஞ்சி தனியாகத் தெரிவதாகச் சொன்னார்கள். எழும்பின சகோதரன் உட்கார்ந்தான். வெளிச்சத்தில் போத்தலைப் பிடித்த பெரியவர், இப்படித்தான் மக்காவுக்குப் போனபோது குடித்ததாக ஒரு கதையே சொன்னார். அடுத்த மாதம் வேறொரு கலியாணத்துக்கு சோடா ஓடர் கொடுத்தவர், ஹாஜியார் சொன்ன கேஸில் போடுங்கள் என்றாராம். பிறகு அதுவே பேராகிவிட்டது. இப்போது பொத்தானாகவும் ஆகிவிட்டது. குழுவில் கேட்டவருக்கு இதுதான் பதில். ஹாஜியாருக்கு வயிற்று வருத்தம் ஒன்றும் இல்லை.

பிலிக்ஸ் மாஸ்டர் ஓய்வெடுத்து மட்டக்களப்பில் இருக்கிறார். நடந்ததைப் போனில் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார். பிறகு, ஊர் வாயை மாற்றுகிறவன் ஒருவனும் இருக்கிறான் என்று தனக்கு அன்றுதான் தெரியும் என்றார். நானும் வேலையை விட்டுவிட்டேன். றிஸ்னாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஓட்டுக் கூரைக்குக் கீழேதான் ஓடித் திரிகிறார்கள்.

இதை எழுதியதும் முதலில் ஹாஜியாரிடம்தான் கொண்டுபோனேன். அவரிடம் கேட்காமல் போட மனம் வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். கருவாட்டு இடத்தில் சிரித்தார். ஹம்பேர்க் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார். நான் அங்கே ‘குடிச்சிரிக்கன்’ என்று, அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன்.

“இதில ‘மணந்திரிக்கன்’ எண்டு போடு” என்றார்.

மாற்றினேன். மேலே நீங்கள் வாசித்தது அதைத்தான். அவர் மணந்து மட்டும்தான் பார்த்தார், வாசிக்கிறவர்கள் அப்படியே நம்ப வேண்டும்.

போகட்டும் என்று அன்றைக்காவது கேட்டேன், தெரிந்தும் ஏன் அந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதித்தீர்கள் என்று. கருவாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்த மனிதன் மகளுக்காக என்னவும் செய்வான் என்று தெரிந்தது என்றார். எனக்குக் கண் கலங்கியது. அவர் அதைக் காணாததுபோல் எழும்பிப்போய் ஃபிரிஜ்ஜைத் திறந்து, ஹாஜியார் கேஸ் ஜின்ஜர் பியர் ஒன்றை எடுத்துவந்தார். எனக்கு ஒரு கிளாஸ், தனக்கு ஒரு கிளாஸ். இரண்டையும் சரித்துப் பிடித்து, உள்பக்கச் சுவர் வழியாக மெதுவாக இறக்கி, கடைசியில் மணிக்கட்டைத் திருப்பி நிமிர்த்தினார்.